பிளைபரா பழைய தேவாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில், சதுப்பு நிலத்தின் ஓரமாக நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு ஊரிலிருந்து வருகிறவர்களை நான் கூட்டிப் போவது வழக்கம். வருகிறவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளப் பதில் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

இவ்வளவு பெரிசா இருக்கே, இது கதீட்ரல்தானே?

இல்லை. பிஷப் அமரும் ஆசனம் எங்கே இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். சஃபோக்குக்கு அது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரில் இருக்கிறது. இது வெறும் பங்குக் கோயில், அதாவது ஒரு ஊரும் அதைச் சுற்றிய வயல்வெளியும் சேர்ந்த வட்டாரத்துக்கு உரிய கோயில். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் இங்கேதான். நீளம் சுமார் 128 அடி, அகலம் 54 அடி. ஆற்றங்கரைச் சேற்று வெளிக்கு நடுவே தனியாக நிமிர்ந்து நிற்பதால் 'சதுப்பு நிலத்துக் கதீட்ரல்' என்று செல்லப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டினால் 'பிளைத்பர்க்' என்று வரும். வாயில் வருவது 'பிளைபரா'.

எப்ப கட்டினது? ஒரே காலத்துக் கட்டடமா?

கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. மற்றதெல்லாம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. பீடப் பகுதியைத் திருப்பிக் கட்ட 1412இல் அனுமதி வாங்கியிருக்கிறார்கள், அதிலிருந்து வேலை பல பத்தாண்டுகள் ஓடியது. பழைய கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஒரு புதிய கோயிலை எழுப்பினார்கள். தள்ளி நின்று பார்த்தால் தெரியும்: கோபுரம் முரட்டுத்தனமாக, வேலைப்பாடு அதிகமில்லாமல் இருக்கும். பின்னால் இருக்கும் உடம்பு முழுக்கச் சன்னல்.

இந்தச் சன்னல் மோகம் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கட்டடக் கலைக்கே உரியது. நெட்டுக்குத்தான கோடுகள், தட்டையான கூரை, சுவர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம். இங்கே மேல்வரிசையில் மட்டும் பக்கத்துக்கு 18 சன்னல்கள். நம் ஊர்க் கோயிலில் உள்ளே போகப் போக இருள் கூடி, கருவறையில் ஒரு விளக்குதான் இருக்கும். இங்கே நேர் எதிர். நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே பிரிக்கும் வளைவுகூடக் கிடையாது. மேற்கு வாசலில் நின்றால் கிழக்குச் சுவர்வரை ஒரே கூரை, ஒரே வெளிச்சம்.

சின்ன கிராமம்தானே, இவ்வளவு பணம் எங்கேருந்து வந்தது?

அப்போது இது சின்ன கிராமம் இல்லை. பிளைத் ஆற்றின் வழியே கடலிலிருந்து படகு வரும் துறைமுகம். மீனும் கம்பளியும் துணியும் காசு கொடுத்தன. வசதியுள்ளவர்கள் சாகும்போது உயிலில் கோயில் வேலைக்கென்று தொகை எழுதி வைப்பார்கள். பக்தி ஒரு காரணம், பயமும் ஒரு காரணம். செத்தபின் பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஆன்மாவுக்கு ஊரார் செபித்தால் காலம் குறையும் என்று நம்பினார்கள். சன்னலிலும் பித்தளைத் தகட்டிலும் 'இன்னார் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று பெயரோடு பொறிப்பது அதற்குத்தான். நம் ஊர்க் குழல்விளக்கில் 'உபயம்' எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் பீடப் பகுதியைப் பராமரிப்பது கோயில் வருமானத்தைப் பெறுகிறவர் பொறுப்பு, மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊரார் பொறுப்பு. பிளைபராவில் வருமானம் பக்கத்தில் இருந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள் மடத்துக்குப் போனது. 1412இல் அனுமதி வாங்கியவர்களும் அவர்களே. பணம் போடுகிறவர்கள் இரண்டு தரப்பாக இருந்தும் கட்டடம் ஒட்டுப்போட்டது போல் தெரியாததுதான் எனக்கு ஆச்சரியம்.

சுவரில் கறுப்பும் வெள்ளையுமா கட்டம் கட்டமா இருக்கே, அது என்ன கல்லு?

கறுப்பு, சிக்கிமுக்கிக் கல். வெள்ளை, வெளியூரிலிருந்து தண்ணீர் வழியாகக் கொண்டுவந்த செதுக்குக் கல். சஃபோக்கில் கட்டடக் கல் கிடையாது. மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புப் பாறையும் அதற்குள் முடிச்சு முடிச்சாகச் சிக்கிமுக்கியும்தான். அதைச் சதுரமாக வெட்டுவது பெரும்பாடு. ஆனால் தட்டி உடைத்தால் உள்முகம் கண்ணாடி போலக் கறுப்பாகப் பளபளக்கும். வெள்ளைக் கல்லில் குழிவாக வடிவம் வெட்டி, உடைத்த முகம் வெளியே தெரியும்படி சிக்கிமுக்கியைப் பதித்தால் சுவரே கோலம் போட்டதுபோல் ஆகிவிடும். கல் இல்லாத ஊர்க்காரர்கள் அந்தக் குறையை வைத்தே கண்டுபிடித்த அழகு இது. மழை பெய்த கையோடு போய்ப் பாருங்கள், கறுப்பு இன்னும் கறுக்கும்.

உள்ளே ஏன் மொட்டையா இருக்கு? ஒரு சுரூபம்கூட இல்லையே?

வேளாங்கண்ணி பார்த்த கண்ணுக்கு இது வெறுமையாகத்தான் படும். கட்டியபோது அப்படி இல்லை. சுவரெல்லாம் சித்திரம், சன்னலெல்லாம் வண்ணக் கண்ணாடி, மாடங்களில் புனிதர்கள். 1530களில் அரசர் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டார், சீர்திருத்தம் என்று சொல்வது இங்கிலாந்தில் அங்கே தொடங்கியது. பக்கத்து மடம் 1537இல் மூடப்பட்டது. ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில் நாடு முழுக்கச் சுரூபங்கள் அகற்றப்பட்டன, சித்திரங்கள் மேல் வெள்ளையடித்தார்கள்.

மிச்சம் இருந்ததற்கு 1644இல் முடிவு வந்தது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். விக்கிரகம் என்று கருதத்தக்க எதுவும் கோயிலில் இருக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் 1643இல் ஆணை போட்டது. அதை நிறைவேற்ற இந்தப் பக்கத்துக்கு நியமிக்கப்பட்டவர் வில்லியம் டௌசிங், சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர். ஊர் ஊராகப் போய் உடைத்தார். உடைத்ததை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார்! ஏப்ரல் 1644இல் பிளைபரா வந்தபோது 20 படங்கள், 2 சிலுவைகள், கூரையில் 20 கேருபீன்கள், அதாவது தேவதூதர்கள் என்று கணக்கெடுத்து, மேலும் 200க்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் இறக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மேலே சொன்ன 'ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' தகடுகளில் மூன்றை அவரே உடைத்தார். சாதாரணமாக ஒரு கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும் வாங்குவார். உடைத்ததற்குக் கூலியை உடைபட்டவர்களிடமே வாங்கினார் என்பதை எங்கள் அத்தையால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

வண்ணக் கண்ணாடி இப்போது மேல் விளிம்புகளில் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நாம் ரசிக்கும் அந்தத் தெளிந்த வெளிச்சத்தில் பாதி, அந்த உடைப்பின் விளைவு. கட்டியவர்கள் இந்தக் கூடத்தை இவ்வளவு வெளிச்சமாகப் பார்த்ததே இல்லை.

அப்போ மேலே இருக்கிற சம்மனசுகள் மட்டும் எப்படித் தப்பிச்சது?

டௌசிங் கட்டளை போட்டார், இறக்கவேண்டியது ஊரார். அதுவும் ஊரார் செலவில். அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டி, உத்தரத்தோடு பொருத்திய மரச் சிற்பத்தைக் கழற்றி இறக்கினால் கூரைக்கும் ஆபத்து, பைக்கும் ஆபத்து. 'ஆகட்டும் ஐயா' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அரசாணைக்கு நம் ஊரில் தரும் அதே மரியாதை.

கூரை தட்டையானது. குறுக்கே போகும் ஒவ்வொரு உத்தரத்தின் நடுவிலும் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு தேவதூதர்கள், ஒருவர் கிழக்கே பார்க்க, ஒருவர் மேற்கே பார்க்க, நீண்ட சிறகை விரித்தபடி. கையில் கேடயம். பலகைகளில் சிவப்பு, பச்சைச் சாயத்தில் பூவும் இயேசு நாமத்தின் எழுத்துகளும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. இந்த மாதிரித் தேவதூதர் கூரைகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இங்கிலாந்தின் இந்தக் கிழக்கு மூலையில்தான். 1390களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக் கூரையில் ஹியூ ஹெர்லண்ட் என்ற அரசுத் தச்சர் தேவதூதர்களை வைத்துக் கட்டினார். அடுத்த நூறாண்டுகளில் அந்த மோகம் இங்கே ஊர் ஊராகப் பரவியது. மில்டன்ஹால், வுல்பிட், மார்ச் என்ற ஊர்களிலும் பார்க்கலாம். சாயம் போகாமல் இருப்பதற்கு மட்டும் பிளைபராவுக்கே வாருங்கள்.

குரோம்வெல் ஆளுங்க அதுகளைத் துப்பாக்கியால சுட்டாங்களாமே?

குரோம்வெல் அந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையின் தளபதி. இந்தக் கதையை எனக்கும் முதன்முதலில் சொன்னது உள்ளூர்க்காரர்தான், நான் நம்பி நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். 1970களில் பழுதுபார்க்க இறக்கியபோது மரத்துக்குள் ஈய ரவைகள் நிஜமாகவே இருந்தன. ஆனால் அந்த ரவை டௌசிங் காலத்தது இல்லை, பிற்காலத்தது. கோயில் கணக்கில் 1761இல் உள்ளே கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுட்டதற்குப் பணம் கொடுத்த செலவு எழுதியிருக்கிறது. ஆக, தேவதூதர்கள் மேல் விழுந்தது காக்கைக்கு வைத்த குறி.

மதவெறிக் கதையைவிடக் காக்கைக் கதை எனக்குப் பிடிக்கும். 1761இல் இந்தக் கோயில் எந்த நிலையில் இருந்தது என்பதை அந்த ஒரு வரிச் செலவு சொல்லிவிடுகிறது: காக்கை தாராளமாக உள்ளே வந்து போகும் நிலை.

வடக்குக் கதவில் கருகின தடம் இருக்கே, அது பேய் நாயோட நகமாமே?

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடக்கும்போது பயங்கரமான இடிமழை. கோபுரத்தின் மேல் இருந்த ஊசிக் கூம்பு சரிந்தது, உள்ளே ஆட்கள் செத்தார்கள். எத்தனை பேர் என்பது ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதே நாளில் சுமார் 12 மைல் தள்ளி இருக்கும் பங்கே ஊர்க் கோயிலிலும் இடி விழுந்தது. சீக்கிரமே லண்டனில் அச்சான ஒரு சிறு பிரசுரம், கறுப்பு நாய் உருவில் வந்த பிசாசுதான் இரண்டு இடத்திலும் புகுந்தது என்று எழுதியது. இந்தக் கரையோரத்தில் 'பிளாக் ஷக்' என்ற பேய் நாய்க் கதை பழையது, இரண்டும் ஒட்டிக்கொண்டன.

கதவில் கருகல் இருப்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கதவு, நிலை, உத்தரம் என்று பல இடத்தில் கண்ணீர்த் துளி வடிவில் சுட்ட தடங்கள் கிடைக்கின்றன. மெழுகுத் திரியை வேண்டுமென்றே சாய்த்துப் பிடித்துச் சுட்டவை. நெருப்பும் தீங்கும் அண்டாமல் இருக்கச் செய்த காப்பு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நம் நிலைப்படி மஞ்சள் குங்குமம் மாதிரி. பேயை விரட்ட வைத்த குறியையே பேயின் நகமாக்கியிருக்கிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளைகளோடு போனால் நாய்க் கதையையே சொல்லுங்கள், பரவாயில்லை.

பெஞ்சு ஓரத்துல உட்கார்ந்திருக்கிற குட்டி பொம்மைகள் யாரு?

இந்தக் கோயிலில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் அதுதான். 15ஆம் நூற்றாண்டு ஓக் மரம். ஒவ்வொரு இருக்கையின் ஓரப் பலகை உச்சியிலும் ஓர் உருவம். சிலது தலையான பாவங்கள்: கட்டிலில் போர்வையோடு எழுந்து உட்கார்ந்திருப்பவர் சோம்பல், தொப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பெருந்தீனி, பணப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பவர் பேராசை. நாக்கை நீட்டிக்கொண்டிருப்பவர் புறங்கூறி. தொழுமரத்தில் கால் மாட்டிய ஒருவரும் உண்டு. சிலர் அவரைக் குடிகாரர் என்பார்கள், சிலர் 'சிறையில் இருப்போரைச் சந்தித்தல்' என்ற இரக்கச் செயலின் கைதி என்பார்கள். இன்னும் சில, அறுவடை போல வருஷத்து வேலைகள்.

மக்களுக்குப் படிக்கத் தெரியாததால் செதுக்கினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இது சாமியாருக்கு அருகே உயரத்தில் இல்லை, உட்கார்ந்தவர் கை வைக்கும் உயரத்தில் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் பேராசையின் தலையைத் தடவிக்கொண்டு ஓர் ஆள் பிரசங்கம் கேட்டிருப்பான். மழமழப்பைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று: பெஞ்சே அப்போது புதுசு. அதற்கு முந்தைய காலத்தில் சபையார் நின்றார்கள், மண்டியிட்டார்கள்.

ஞானஸ்நானத் தொட்டி ஏன் கொத்தின மாதிரி இருக்கு?

எட்டுப் பட்டைத் தொட்டி. பட்டைகளில் இருந்த சிற்பங்களைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். காரணம், மொட்டையாக இருப்பது பற்றிய கேள்வியில் சொன்னதுதான். கிழக்கு இங்கிலாந்தில் ஏழு தேவதிரவிய அனுமானங்களையும் (ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற திருச்சடங்குகள்) ஏழு பட்டைகளில் செதுக்கிய தொட்டிகள் பல இருக்கின்றன. சீர்திருத்தக்காரர்கள் ஏழில் இரண்டைத்தான் ஏற்றார்கள் என்பதால் அந்த வகைச் சிற்பங்கள் நிறைய அடி வாங்கின.

சுவருக்குள்ளே போற படிக்கட்டு எங்கேயும் போகலையே, ஏன்?

போன இடம் இப்போது இல்லை. நடுக்கூடத்துக்கும் பீடத்துக்கும் நடுவே வளைவு இல்லை என்றேன் அல்லவா, அந்த எல்லையை ஒரு மரத்தடுப்பு காட்டியது. அதன் மேல் பரண் மாதிரி ஒரு மேடை, அதன் மேல் சிலுவையில் ஆண்டவர், இரு பக்கமும் மாதாவும் அருளப்பரும் (யோவான்). மெழுகுத்திரி ஏற்ற மேலே ஏறும் படி அது. சீர்திருத்தத்தில் சிலுவை முதலில் போனது. படிக்கட்டு கல்லில் இருப்பதால் உடைக்க யாருக்கும் பொறுமை இல்லை. இங்கிலாந்து முழுக்கவே இப்படிப் பாதியில் நிற்கும் படிகள் நிறைய.

கவசம் போட்ட மர ஆள் கையில மணி அடிக்கிறானே, பூசைக்கா?

அவன் பெயர் ஜாக். 1682இல் கடிகாரத்துக்காகச் செய்த பொம்மை, மணி அடித்து நேரம் சொல்வது அவன் வேலை. கடிகார வேலை போய்விட்டது. இப்போது கயிற்றை இழுத்தால் குருவானவர் உள்ளே நுழைவதை அறிவிக்கிறான். பக்கத்து சவுத்வோல்டு கோயிலில் அவனைவிட மூத்த ஜாக் ஒருவன் இருக்கிறான்.

பாடகர் இருக்கையில பெயரைக் கிறுக்கி வச்சிருக்காங்களே, இங்கேயுமா?

இங்கேயும்தான். அந்த இருக்கைகளைக் கொஞ்ச காலம் பள்ளிக்கூட மேசையாகப் பயன்படுத்தினார்கள். முன்பக்கம் அப்போஸ்தலர்கள் வரிசை, மேலே மைக்கூடு வைக்கும் ஓட்டைகள். அதில் ஒரு பையன் தன் பெயரை வெட்டியிருக்கிறான்: டிர்க் லோவர்சன் வான் ஸ்டாக்ஹோம், 1665, வயது 12. தேதி, வயதோடு வெட்டியதால் இன்றைக்கு அதுவும் சரித்திரச் சான்று. நீங்கள் வெட்டினால் அபராதம்.

தூண்ல இரும்பு வளையம் இருக்கே, குதிரை கட்டினதா?

போர்க் காலத்தில் குதிரைகளை உள்ளே கட்டினார்கள் என்பது ஊர்க் கதை. துப்பாக்கி ரவை விஷயத்தில் நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இத்தனை வருஷத்துல யாரும் புதுப்பிக்கவே இல்லையா? கும்பாபிஷேகம் மாதிரி?

அதுதான் இந்தக் கோயிலின் அதிர்ஷ்டம். கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்தது, மடம் போனது, ஊர் சுருங்கியது. பெரிய கோயில், சின்ன ஊர், கையில் காசில்லை. சில சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் மழை ஒழுகி, உள்ளே குடை பிடித்துக்கொண்டு ஆராதனை செய்த காலமும் உண்டு. ஆபத்து என்று 1881இல் கோயிலையே மூடினார்கள்.

அதே நூற்றாண்டில் பணமுள்ள ஊர்களில் எல்லாம் பழைய பூச்சைச் சுரண்டி, பழைய பெஞ்சுகளைத் தூக்கிப்போட்டு, 'இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்கும்' என்று தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். நம் ஊரில் கல் தூணைக் கழுவுகிறேன் என்று மணலை ஊதி எழுத்தை அழித்த கதைதான். அதை எதிர்க்கக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். பிளைபராவை எப்படிப் பழுதுபார்ப்பது என்பதிலும் அந்தச் சங்கம் தலையிட்டுச் சண்டை போட்டது. கோயில் 1884இல் திறந்தது. வேலை மெதுவாக, காசு கிடைத்த அளவுக்கு நடந்தது. சாயம் போகாத கூரைக்கும் தேய்ந்த செங்கல் தரைக்கும் அந்த வறுமைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கிழக்குச் சுவரில் வெளியே கிரீடம் வச்ச எழுத்துகள் இருக்கே, என்ன வார்த்தை?

வார்த்தை இல்லை, லத்தீன் சொற்களின் முதல் எழுத்துகள் என்று படிக்கிறார்கள். இயேசு, திரித்துவம், மரியாள், அன்னாள் முதலியோர் நாமத்தில், அவர்கள் மகிமைக்காகத் திருப்பிக் கட்டப்பட்டது என்ற பொருளில் அதை விரிப்பது வழக்கம். முதல் எழுத்தை வைத்து யாரும் எதையும் விரிக்கலாம் என்பதால் நான் இதில் சத்தியம் செய்யமாட்டேன். உடைந்த சிக்கிமுக்கியில் எழுத்தைப் பதித்த வேலைப்பாட்டைப் பாருங்கள், அது சந்தேகமில்லாதது.

கட்டணம் உண்டா? எந்த நேரம் போகலாம்?

நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய காணிக்கைப் பெட்டி ஒன்று இருக்கிறது, 1473 என்று சொல்வார்கள். அதைப் பார்த்து ரசித்துவிட்டு, காணிக்கையை இப்போதைய பெட்டியில் போடுங்கள். ஆராதனை இன்றும் நடக்கிறது, கச்சேரிகளும் நடக்கும். 1969 ஜூனில் ஸ்னேப் ஊர் இசை அரங்கு தீப்பிடித்தபோது ஆல்ட்பரா இசைவிழாவின் நிகழ்ச்சிகளை இங்கே மாற்றினார்கள், ஒரு முழு ஓப்பராவே இந்தக் கூரைக்கடியில் நடந்தது.

காலை அல்லது சாயங்காலம், வெயில் சாய்வாக விழும்போது போங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், சம்மனசு ரொம்ப உயரத்தில் இருக்கிறது. கழுத்து வலிக்கிறவர்கள் என் மாமனார் செய்தபடி செய்யலாம்: பெஞ்சில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். சோம்பல் பொம்மைக்குப் பக்கத்துப் பெஞ்சில்.